கடல் எதைக் குறிக்கிறது

எட்டாம் வகுப்பில் தமிழுக்கு முதலாம் பிள்ளை நான். படிப்பித்தது என் அம்மா என்பதையும் கையோடு சொல்லிவிட வேண்டும். ஆனால் எனக்கென்று அவர் ஒரு புள்ளியும் கூட்டிப் போட்டதில்லை. வகுப்பில் நானும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு கடற்கரை ஊரான மயிலிட்டிப் பக்கம் சண்டை மூண்டபோது அங்கிருந்த மாமா குடும்பம் இரண்டு பைகளோடு நீர்வேலிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாமாவின் மகளான என் மச்சாளுக்கு என் வயதுதான். என் கட்டிலில் பாதி, சட்டைகளில் மூன்று, வகுப்பில் நான் இருக்கும் வாங்கில் பாதி எல்லாம் அவளுக்குப் போயின. பொறுத்துக்கொண்டேன். நல்ல மனசுள்ள பிள்ளை என்று அயலில் எனக்குப் பெயரும் கிடைத்தது.

அந்தப் பள்ளித் தவணையில் ஒரு பழைய சிறுகதை படித்தோம். கரையோரத்துப் பெண் ஒருத்தி கலியாணமாகித் தூரத்து ஊருக்குப் போகிறாள். வண்டி ஏறுமுன் அவள் பார்க்கும் கடலைக் கதாசிரியர் ஒரு பக்கம் முழுக்க வருணித்திருப்பார். அந்தக் கடல் எதைக் குறிக்கிறது என்று எழுதிவரச் சொன்னார் அம்மா. நான், முன்பு இதே வகுப்பில் படித்த என் அண்ணையின் பழைய குறிப்புக் கொப்பியைத் தேடியெடுத்து, கடல் அவளது மனக் கொந்தளிப்பின் குறியீடு என்று இரண்டு பக்கம் எழுதினேன். அலை, நுரை, அடிவானம், ஒன்றையும் சும்மா விடவில்லை.

மச்சாள் எழுதியது நாலைந்து வரி. அம்மா அதை வகுப்பில் வாசித்தார்.

"கடல் ஒன்றையும் குறிக்கவில்லை. அவள் அதைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிறாள். அவள் கொடுத்து வைத்தவள். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று போகிறவர்கள் கடலைப் பார்ப்பதில்லை."

வாசித்து முடித்ததும் கொப்பியை மூடி, மச்சாளின் தலையில் கையை வைத்தார். வகுப்பில் என் தலையில் அவர் ஒருநாளும் கை வைத்ததில்லை.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க நின்ற பிள்ளைகளிடம் போனேன்.

"உது அவள் எழுதினதில்லை. அம்மாதான் வீட்டிலை சொல்லிக் குடுத்தவ."

கதை மத்தியானத்துக்குள் பள்ளிக்கூட அதிபர் வரைக்கும் போயிற்று. அவர் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அதற்குப் பிறகு அம்மா மச்சாள் எழுதிய எதையும் வகுப்பில் வாசிக்கவில்லை.

அன்று பின்னேரம் மச்சாள் என்னோடுதான் நடந்து வந்தாள். சண்டை பிடிப்பாள், மாமாவிடம் சொல்லிக்கொடுப்பாள் என்று பயந்துகொண்டே வந்தேன். வாழைத்தோட்டத்து ஒழுங்கையில் திரும்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உன்ரை அண்ணையின்ரை கொப்பியை எனக்கும் ஒருக்காத் தாறியே?"

கொடுத்தேன். அடுத்த கதைக்கு அவளும் அதைப் பார்த்தே எழுதினாள். மலை உறுதியின் குறியீடு, ஆறு காலத்தின் குறியீடு. அம்மா இருவருக்கும் ஒரே புள்ளி போட்டார். எனக்குப் பெரிய ஆறுதல்.

பிறகு நாலு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தாள். தன் ஊரைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. கதைக்க விருப்பமில்லாத பிள்ளை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.