ஆளுக்கொரு ஊக்கு

அண்ணன் மறைந்த அன்று பண்ணைக்காட்டு வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் என்னை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்: "அந்தப் பழைய ரத்தக் கோளாறுதானா தாயி?"

இல்லை. மாரடைப்பு. காலையில் மிளகுக் கொடிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், அண்ணியிடம் காப்பி கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி வருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. பழைய நோய் சில ஆண்டுகளுக்கு முன்பே முழுவதும் குணமாகியிருந்தது. ஓராண்டு நிறைவில் இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் அதைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். செய்தித்தாளில் வேலை பார்த்த தங்கை என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

அண்ணன் பிறந்ததும் வாழ்ந்ததும் கொடைக்கானல் மலையிலுள்ள பண்ணைக்காட்டில்தான். அப்பா இளவயதிலேயே காலமானபோது கொஞ்சம் காப்பித் தோட்டமும், நிழல் மரங்களில் படர்ந்த மிளகும், படிக்கிற வயதில் நாங்கள் மூவரும் மிஞ்சினோம். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றுகொண்டு தம்பியையும் என்னையும் படிக்கவைத்தார். ஒரு பறிப்புக் காலத்தில் ஏணி சரிந்து விழுந்து அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. மதுரையில் அறுவைச் சிகிச்சை செய்து ரத்தம் ஏற்றினார்கள். அடுத்த பறிப்புக்கு மறுபடி ஏணியில் நின்றார்.

மலைச் சாலை வளைவில் ஒரு வண்டி உருண்டால், கீழிருந்து தீயணைப்பு வண்டி ஏறி வருவதற்குள் பள்ளத்தில் இறங்குகிறவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தாம். அண்ணனும், அண்ணியின் ஒன்றுவிட்ட தம்பியான ஜீப் ஓட்டுநர் மாரிமுத்துவும், இன்னும் நாலைந்து பேரும் பல வருடங்கள் அப்படி இறங்கினார்கள். உயிரோடு இருந்தவரையும் இல்லாதவரையும் ஒரே கவனத்தோடு மேலே கொண்டுவந்தார்கள். கையுறை போடுவதில்லை. ஏன் என்று அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன்.

"ஈரக் கயித்துல அது வழுக்குதும்மா. பிடி நழுவுச்சுன்னா, மேல வர்றவரு திரும்பக் கீழ போயிருவாரு."

பள்ளமெல்லாம் உண்ணிச்செடியும் முள்ளும். மேலே வந்ததும் சாலையோர டீக்கடையில் முதல் வேலை முள் எடுப்பது. அண்ணனின் அரைஞாண் கயிற்றில் எப்போதும் ஒரு ஊக்கு தொங்கும். தன் உள்ளங்கை முள்ளை எடுத்துவிட்டு, ஊக்கை வேட்டியில் துடைத்து, "யாருக்குலே இன்னும் முள்ளு கெடக்கு?" என்பார். கயிறு உரசித் தோல் கிழிந்த கைகள் ஒவ்வொன்றாக நீளும். எல்லாக் கைக்கும் அந்த ஒரே ஊக்குதான்.

ஒரு மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டு, பல நாள் மீட்புப் பணி நடந்தது. பணியில் இருந்தவர்களுக்கு அதன்பின் கொடைக்கானலில் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். மற்றவர்கள் சோலி இருக்கிறதென்று போகவில்லை. அண்ணன் மட்டும் போய் விரலை நீட்டினார். ஹெபடைடிஸ் சி இருக்கலாம் என்றது அந்தச் சோதனை. அடுத்து எடுத்த ரத்தம் அதை உறுதிசெய்தது. உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லை.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இது ரத்தத்தின் வழியே பரவும் கிருமி; தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ பரவாது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு முற்றிலும் குணமாகிவிடும். எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்ல முடியாது. அன்று ஏற்றிய ரத்தமாக இருக்கலாம். பள்ளத்தில் யாரையோ தூக்கியபோது பட்டதாகவும் இருக்கலாம். அண்ணன் தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"ஒரே ஊக்கால முள்ளு எடுத்தா ஒட்டுமா டாக்டரம்மா?"

"வாய்ப்பு இருக்குங்க. அவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

அண்ணிக்கும் மகனுக்கும் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அப்படியும் அண்ணன் தன் டம்ளரைத் தனியே எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா அவ்வளவு சொல்லியும் காதுல விழலையா? டம்ளர்ல ஒட்டாதுங்க. விருந்தாளி மாதிரி தனியா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்று அண்ணி அதைக் கழுவி மற்றவற்றோடு கவிழ்த்தார். மறுநாள் அது மறுபடி ஜன்னலுக்குப் போயிற்று.

டீக்கடையில் எல்லாரும் இருக்கும்போதே அண்ணன் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மாரிமுத்துதான் முதலில் பேசினார்.

"மாமா, நல்லாத் திரியிற ஆளைப் பிடிச்சு சீக்காளி ஆக்காதீங்க. இது வெளிய தெரிஞ்சா எவன் என் ஜீப்புல ஏறுவான்? வாழைத்தாருகூட ஏறாது."

"ஏலே, வாழைத்தாருக்கு ரத்தம் கெடையாது. உனக்கு இருக்கு. நான் மாத்திரை தின்னு பொழைச்சுக்குவேன். நீ தெரியாமலே இருந்து ஈரலைக் கெடுத்துக்கிட்டா, அதை நான் எதைத் தின்னு தீர்ப்பேன்?"

மாரிமுத்து ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்கள் எல்லாரும் சோதனைக்கு ரத்தம் கொடுத்து முடிவு தெரியும்வரை மாத்திரையைத் தொடமாட்டேன் என்று அண்ணன் வீட்டில் அறிவித்தார். அது பிடிவாதம், புத்திசாலித்தனம் அல்ல. அண்ணி அவரோடு வாதாடவில்லை, நேரே மாரிமுத்து வீட்டுக்குப் போனார். மறுநாள் வெள்ளனே வாசலில் ஜீப் ஒலி எழுப்பியது. மற்றவர்களும் ஜீப்புக்குள் இருந்தார்கள்.

"வெரசா ஏறுங்க மாமா. அக்கா பேசுன பேச்சுக்கு ஊசி எவ்வளவோ தேவலை."

முடிவு வந்த நாளில் நானும் மருத்துவமனையில் இருந்தேன். ஒருவருக்கும் இல்லை. அண்ணன் மருத்துவரிடம் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றார் மருத்துவர். அண்ணன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார்.

"பாத்தீங்களா, எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா பயமுறுத்திட்டீங்க" என்றார் மாரிமுத்து.

"அந்த ஒண்ணுமில்லைங்கிறதைக் கேக்கத்தாம்லே கூட்டியாந்தேன்."

அங்கேயே தண்ணீர் வாங்கி முதல் மாத்திரையை விழுங்கினார். வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் டம்ளரில் மீதமிருந்த காப்பியைக் கேட்காமல் எடுத்துக் குடித்தார். சில மாதம் கழித்துப் பார்த்தபோதும் நண்பர்களுக்கு ஒன்றுமில்லை. மாத்திரை முடித்து, காத்திருந்து எடுத்த சோதனையில் அண்ணனின் ரத்தத்திலும் கிருமி இல்லை. அதன்பின் உள்ளங்கையில் சொரசொரப்பான ரப்பர் வைத்த கையுறைகளைத் தேடி வாங்கி, பள்ளத்தில் இறங்கும்போது எல்லாரையும் போடவைத்தார். கூடவே ஒரு அட்டை ஊக்கு வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தார். "இனி அவனவன் முள்ளை அவனவன் எடுத்துக்கணும்."

அண்ணனைக் குணப்படுத்திய மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், நோயைப் பற்றித் தெரிந்த பிறகும் அவருக்கு எப்போதும்போல் டீ கொடுத்த கடைக்காரருக்கும், இறுதிச் சடங்கில் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனைத் தோளில் சுமந்தவர்கள் அவரோடு பள்ளத்தில் இறங்கிய அதே நண்பர்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது மாரிமுத்து விந்தி விந்தி வந்தார் என்று தம்பி சொன்னான். வழியில் முள் ஏறியிருந்தது. பக்கத்தில் வந்த நண்பர் தன் ஊக்கைக் கழற்றி நீட்டினார்.

"வேணாம்லே. மாமா கொடுத்தது என்கிட்ட இருக்கு" என்று மாரிமுத்து சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, இடுப்புக் கயிற்றைத் தடவினாராம்.