யார் போனது என்று கேட்டு வந்தவர்கள்

போன மழைக்காலத்தில் அடுகோடியில் எங்கள் தெருமுனையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். குழாய் பதிக்கத் தோண்டிவிட்டுச் சரியாக மூடாத பள்ளம். பால் பாக்கெட் ஒரு பக்கம், குடை ஒரு பக்கம், நடுவே சேற்றில் நான். முதலில் ஓடிவந்தவர் பின்சந்தில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் பெண். வண்டியில் இருந்த யாருடைய தலையணை உறையையோ எடுத்து, என் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளி போலக் கட்டினார். அவர் போட்ட சத்தத்தில் சந்திலிருந்து நான்கைந்து பேர் வந்து என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். மைசூரிலிருந்து என் தம்பி வந்து சேரும்வரை அந்தப் பெண் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்க வீடு எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"உங்க மாடியில துணி காயப்போட்டா என் வூட்டு ஷீட்டுக் கூரை மேலதாம்மா சொட்டும்" என்றார்.

எங்கள் குடும்பம் மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்காக வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டது. நானும் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தனியாகத்தான் இருக்கிறேன். என் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சந்துக்குள் அதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை.

மாவுக்கட்டைப் பிரித்த வாரத்தில், அந்தச் சந்துக்காரர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போட வேண்டும் என்று ஆசை வந்தது. பக்கத்து வீட்டில் மெஸ் நடத்தும் கன்னடக்கார அக்காவிடம் சொன்னேன். "மாடோணா மேடம், செஞ்சிடலாம். சமையல் என்னுது" என்று உடனே கிளம்பிவிட்டார். நான் தனியாகச் செய்வதாகத்தான் இருந்தேன். ஆனால் செய்தி பரவியதும் மளிகைக் கடைக்காரர் இரண்டு மூட்டை அரிசி அனுப்பினார். காய்கறி வண்டிக்காரர்கள் பூசணியும் பீன்ஸும் கொண்டுவந்து வாசலில் குவித்தார்கள். பிரியாணிக் கடை பாய் பெரிய அண்டாக்களைத் தந்தார். கோயில் ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் எங்கள் பகுதி பேண்ட் செட்டின் மாஸ்டரிடம் போய், வாசிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "எங்க அஞ்சு பேருக்கும் சாப்பாடு போட்டுடுங்க, போதும்" என்றார்.

ஃபிளெக்ஸ் போர்டுக்கு வாசகம் எழுதியது மட்டும் நான். காலம் முழுக்க அலுவலகத்தில் அறிவிப்பு எழுதிய கை. வார்த்தைகள் தாமாகவே வந்து விழுந்தன. 'ஏழை எளியோர்க்கு இலவச உணவு. அனைவரும் வருக.' தமிழில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தயார். என் வீட்டை ஒட்டிய காலி மனையில் ஷாமியானா போட்டு, சோறு, சாம்பார், பூசணிக் கூட்டு, தயிர்சாதம், பாயசம் என்று வரிசையாக மூடி வைத்திருந்தோம். பாக்குமட்டைத் தட்டுகளை அடுக்கியாகிவிட்டது. முகப்பில் போர்டைக் காலையிலேயே கட்டியிருந்தோம்.

ஒருவரும் வரவில்லை.

பன்னிரண்டரை ஆனது. பைக்கில் வந்த ஒருவர் நின்றார், போர்டைப் படித்தார், போய்விட்டார். இரண்டு பெண்கள் சந்து முனைவரை வந்து எட்டிப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். "இன்னும் டைம் இருக்கு மேடம்" என்று அக்கா சொன்னாரே தவிர, அவர் கண் அண்டாக்களின் மேலேயே இருந்தது. இருநூறு பேருக்கான சாப்பாடு. ஊரார் கொடுத்த அரிசி. அதைக் குப்பை வண்டியில் கொட்டும் காட்சி கண்ணுக்குள் வந்து வந்து போனது.

அப்போதுதான் பேண்ட் மாஸ்டர் தன் நால்வரோடு வந்தார். ஒரு ட்ரம்பெட், ஒரு பெரிய டிரம், மூன்று தமட்டைப் பறை. "எங்கம்மா ஜனம்?" என்றார்.

"தெரியலை மாஸ்டர். யாருமே வரலை."

அவர் மூடியிருந்த அண்டாக்களைப் பார்த்தார். "சரி. சந்துக்குள்ள ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வர்றோம்."

தமட்டையின் தோலைத் தீயில் காய்ச்சி அடிக்க ஆரம்பித்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். முன்னறிவிப்பு இல்லாமல் ஞாயிறு மத்தியானம் அந்தச் சந்துக்குள் தமட்டைச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கதவுகள் படபடவென்று திறந்தன. பாதி பின்னிய சடையோடு பெண்கள் ஓடிவந்தார்கள். கன்னத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"யாரு? யாரு போயிட்டாங்க?"

"எந்த வூடு?"

ஒரு அம்மாள் தலையில் கைவைத்து, "ஐயோ, மூலை வூட்டுப் பெரியவரா?" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். மூலை வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெரியவரே வெளியே வந்தார். "நான் நல்லாத்தான் கீறேன். ஏன் ஒப்பாரி வெக்கிறே?" என்றார்.

மாஸ்டர் கையை உயர்த்தி அடியை நிறுத்தினார். "யாரும் போகல. எல்லாரும் உசுரோடதான் கீறீங்க. சாப்பாடு ரெடி, எழுந்து வாங்க!"

சந்து முழுக்க வெடித்த சிரிப்பை எப்படிச் சொல்ல. அழுத அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பெரியவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சிரித்தபடியே கூட்டம் பேண்டுக்குப் பின்னால் மனை வரைக்கும் வந்தது. வந்து, போர்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. முன்வரிசையில் இஸ்திரிக்கார அம்மா.

"இது யாருக்கும்மா சாப்பாடு?"

"உங்களுக்குத்தான். உங்க எல்லாருக்கும்."

"ஏழைங்களுக்குன்னு போட்டுக்கீதே. காலையிலேயே பாத்தோம். சரி, நமக்கு இல்லபோலன்னு அவங்கவங்க வூட்ல உலை வெச்சுட்டோம்." அவர் குரலில் கோபம் இல்லை. "நான் பொட்டி தேய்ச்சு ரெண்டு பொண்ணுங்கள காலேஜுக்கு அனுப்பறேன். அன்னிக்கு உங்களத் தூக்கறப்ப நீங்க இருக்கப்பட்டவங்களா இல்லாதவங்களான்னு பாத்தா தூக்கினோம்?"

முகம் எரிந்தது. "தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன். நேராகப் போய் போர்டின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். மணிக்கட்டில் இன்னும் பிடி வரவில்லை, முடிச்சு அசையவில்லை. மாஸ்டர் ஒரு பக்கம் அவிழ்த்தார். மறுபக்கம் அந்த அம்மாவே வந்து அவிழ்த்தார். ஃபிளெக்ஸ் தரையில் விழுந்ததும், எழுத்து அடியில் போகும்படி அதைத் திருப்பிப் பாய் மாதிரி விரித்துவிட்டு, "நீங்க மொதல்ல உக்காருங்க. நான் பரிமாறுறேன்" என்றார்.

உட்கார்ந்தேன். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தட்டு வைத்தார், சோறு போட்டார், சாம்பார் ஊற்றினார். ஒரு வாய் வைத்தேன். பதற்றத்தில் யாரும் ருசி பார்க்கவில்லை போலிருக்கிறது.

"உப்பு கம்மி" என்றேன், உரக்கவே.

"உப்பு சாலதா?" என்று அண்டாவுக்குப் பின்னாலிருந்து அக்கா அலறினார். கூட்டம் மறுபடி சிரித்தது. பெரியவர் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உப்பு நாங்க போட்டுக்கிறோம், சோத்தப் போடு" என்றார். அவ்வளவுதான், மளமளவென்று பந்தி நிரம்பிவிட்டது.

நான்கு பந்தி நடந்தது. எதிர் அபார்ட்மெண்டின் காவலாளிகளும் மளிகைக் கடைக்காரரும் பாயும் வந்து உட்கார்ந்தார்கள். பந்திக்குப் பந்தி ட்ரம்பெட் ஒரு பழைய மெட்டைப் பிடித்தது, தமட்டை அதைத் துரத்தியது. கை கழுவிய பெண்கள் ஈரக் கையோடு ஆட ஆரம்பித்தார்கள். சந்து முழுக்கப் பரிமாறுகிறவர்களாகிவிட்டதால் எனக்கு வேலையே இல்லை.

கடைசியில் பேண்ட் செட்காரர்கள் சாப்பிடக் கை கழுவி வந்தபோது சோறு தீர்ந்திருந்தது. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். இஸ்திரிக்கார அம்மா, "இதுக்குப் போயி ஏன் முழிக்கிறீங்க? காலையில வெச்ச உலை என்னாச்சு?" என்று சந்துக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வந்தது. சுடுசோறு, முட்டைக் குழம்பு, வறுத்த நெத்திலி, ஒரு வீட்டிலிருந்து ராகிக் களி. ஐந்து பேரும் தமட்டைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார, நான் வலது கையால் குழம்பு ஊற்றினேன்.

மாஸ்டர் நிமிர்ந்தே பார்க்காமல் சாப்பிட்டார். பிறகு, "கல்யாணத்துக்கு வாசிச்சாலும் சாவுக்கு வாசிச்சாலும் இப்பிடி ஒரு சாப்பாடு கெடச்சதில்ல" என்றார். ஐந்து பேரும் ஏப்பம் விட்டு எழுந்த பிறகுதான், நானும் அக்காவும் கவிழ்த்துப்போட்ட அண்டாவின் மேல் போய் உட்கார்ந்தோம். பாயச வாளியின் அடியில் ஒட்டியிருந்ததை ஒரே கரண்டியால் மாற்றி மாற்றிச் சுரண்டித் தின்றோம். "அப்பாடா" என்றார் அக்கா.