கரடிக்குப் பக்கத்து வீடு

துரை சீமைக்குப் போய்விட்டு வந்தால் தோட்டத்தில் ஏதாவது ஒரு புது வேலை முளைக்கும். ஒரு தடவை ரோசாச் செடி வந்தது. இன்னொரு தடவை குதிரைகளுக்கு லாயம் கட்டினார். சீமையில் நடந்த பெரிய சண்டைக்கு முந்திய வருஷங்களில் ஒருமுறை போய் வந்தவர், இனி மிருகங்களுக்கு நல்ல இடமாகக் கட்டப் போகிறேன் என்றார்.

மிருகங்கள் முன்பே இருந்தன. இலங்கையில் பெரகலைக்கு மேலே அப்புத்தளைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். பங்களாவுக்குப் பின்னால் கம்பிக் கூண்டுகளில் ஒரு சிறுத்தை, ஒரு கரடி, கொஞ்சம் மரைமான், கொஞ்சம் குரங்கு, தோகை கொட்டிப்போன மயில்கள். தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியைத் தூக்கிவந்து வளர்ப்பது துரையின் வழக்கம். தீனி போட்டுக் கூண்டு கழுவுகிற வேலை என் புருஷனுக்கு. சாயங்காலம் கூலியாட்கள் குடியிருந்த லயத்துக்கு அவர் வருவதற்கு முன்னால் கரடி வாடை வந்துவிடும். "குளிச்சிட்டு உள்ள வாங்க. இல்லாட்டிப் போனா அந்தக் கரடிகிட்டயே போய்ப் படுத்துக்கங்க" என்பேன். அவரும் சளைக்க மாட்டார். "அது ஒன்னய மாதிரி வாய் பேசாது புள்ள" என்பார்.

சீமையில் எங்கோ துரை ஒரு மிருகத் தோட்டம் பார்த்தாராம். அங்கே கம்பியே கிடையாதாம். மிருகத்துக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில் ஓர் அகழி மட்டும் இருக்குமாம். சிங்கம் காட்டில் நிற்பது போலவே கண்ணுக்குத் தெரியுமாம். அதைப் போலவே இங்கேயும் வேண்டும் என்று வராந்தாவில் பெரிய காகிதத்தை விரித்துப் படம் போட்டார். சிறுத்தைக்கு ஒரு குன்று. கரடிக்குக் குகையும் பட்டமரமும். குரங்குகளுக்கு ஒரு பாழடைந்த கோயில். பாழடைந்த கோயிலைப் புத்தம் புதிதாகக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் கொத்தனை விட்டு அங்கங்கே இடிக்கச் சொன்னார்கள். நானே கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்திருக்கிறேன்.

வரிசையின் கடைசியில், கரடிக்குப் பக்கத்தில், காகிதத்தில் ஒரு சின்ன வீடு வரைந்திருந்தது. அதற்குப் பெயர் ஊர். தமிழ்நாட்டுக் குடியானவன் வீடாம். முற்றத்தில் துளசி மாடம், தண்ணீர் இல்லாத கிணறு, கட்டிப்போட்ட பசு. கடல் தாண்டிப் போய் இந்தியாவைப் பார்க்க முடியாத விருந்தாளிகள் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அதில் குடியிருக்க ஒரு குடும்பம் வேண்டும். கைக்குழந்தை இருந்தால் நல்லது. மிருகங்களோடு பழகியவன் என்பதால் என் புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அன்று அவர் சோறு தின்னவில்லை.

"நம்மள என்னா, வேடிக்கை பாக்குற சாமானா? போக மாட்டேன்னு கணக்கப்புள்ளைகிட்ட சொல்லிடப் போறேன்."

"போவோம்" என்றேன் நான்.

"ஒனக்கு வெக்கமா இல்லியா புள்ள?"

"வெக்கத்தைப் பாத்தா இதுவும் போயிடுங்க" என்று மடியில் கிடந்த பெண்ணைக் காட்டினேன்.

அவருக்கு விளங்கியது. எங்களுக்கு முதலில் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவர் மலையோடு ஒட்டியது. ஐப்பசி பிறந்தால் சுவர் வியர்க்கும், கார்த்திகையில் தரையில் ஊற்றெடுக்கும், மார்கழியில் படுக்கிற சாக்கைப் பிழிந்து காயப்போடுவோம், அது காயாது. அந்த ஈரத்தில் பிள்ளைக்கு நெஞ்சில் இழுப்பு வந்தது. எழுந்து நடக்கும் முன்பே தேயிலைக்குள் குழி தோண்டி வைத்தோம். இப்போது இந்தப் பெண்ணும் தூக்கத்தில் அதே சத்தம் போட ஆரம்பித்திருந்தாள். பூனை உறுமுவது போன்ற ஒரு சத்தம். அதைக் கேட்ட தாய்க்கு மானமும் வெட்கமும் எங்கிருந்து வரும்?

துரைக்குக் குதிரைக்குக் கட்டத்தான் நன்றாகத் தெரியும். லாயம் கட்டிய ஆட்களையே விட்டு எங்கள் வீட்டையும் கட்டியதால் அது நல்ல வீடாகவே அமைந்தது. தரையிலிருந்து முழ உயரத்துக்குத் தூக்கிப் பலகைத் தளம். மேலே தகரம், பார்வைக்கு அதன்மேல் மானாப்புல் கூரை. முன்பக்கம் மட்டும் சுவர் கிடையாது. உள்ளே நடப்பது தெரிய வேண்டுமே! பொழுது சாய்ந்த பிறகு ஒரு படுதாவைத் தொங்கவிட்டுக்கொள்ள உத்தரவு கிடைத்தது.

குடிபுகுந்த அன்று பால் காய்ச்சினேன். எந்த வீடானால் என்ன, முதல் அடுப்பில் பால் பொங்க வேண்டும் அல்லவா. புதுப்பானைக்கு மஞ்சள் கட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது தாயே என்று மாரியம்மனைக் கும்பிட்டேன். பால் நாலு பக்கமும் பொங்கி வழிந்தது. அகழிக்கு அந்தப் பக்கத்தில் படபடவென்று கை தட்டினார்கள். துரையும் துரைசாணியும் விருந்தாளிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து விருந்தாளிகள் வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பால் காய்ச்ச வேண்டும் என்று ஆகிவிட்டது. லயத்துப் பெண்கள் வாயில் விழுந்தேன்.

"ஒரு வீட்டுக்கு ஒருக்காத்தான் பால் காய்ச்சுவாங்க. நீ வாராவாரம் குடி போறியோ? ஆகாதுடி."

"பொங்குற பாலு எம்புள்ள வயித்துக்குத்தானே போவுது. ஆகும்" என்றேன்.

உண்மையிலேயே ஆனது. அந்த வருஷத்து மழை தகரத்தில் கொட்டிய கொட்டுக்கு எங்கள் பேச்சு எங்களுக்கே கேட்கவில்லை. ஆனால் பலகை காய்ந்து கிடந்தது. கையை வைத்து வைத்துப் பார்ப்பேன். பெண்ணுக்கு நெஞ்சில் சத்தம் அடங்கியது, கன்னத்தில் சதை வைத்தது. தை மாதம் தூணைப் பிடித்து எழுந்தாள். அவள் முதல் அடி வைத்தபோது நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஆரவாரம் கேட்டுத் திரும்பினேன். என் மகள் நடந்ததை எனக்கு முன்னால் அவர்கள் பார்த்துவிட்டார்கள். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. பார்த்துவிட்டுப் போகட்டும், நடந்தாளே, அது போதும் என்று மனத்தை ஆற்றிக்கொண்டேன்.

என் புருஷனால் அப்படி ஆற்றிக்கொள்ள முடியவில்லை. ஒரு நாள் விருந்தாளிப் பிள்ளை ஒன்று கரடிக்கு எறிந்த கையோடு எங்கள் முற்றத்துக்கும் ஒரு வாழைப்பழத்தை எறிந்தது. எங்கள் பெண் குடுகுடுவென்று போய் எடுத்துத் தின்றாள். அவளுக்கு என்ன தெரியும்? அவர் வீட்டின் மூலைக்குப் போய் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் அந்த இடத்தையே மாற்றிக் கட்டிப் பேசிக்கொண்டிருப்போம். பேச்சைத் தொடங்கி வைத்தது சிறுத்தைதான். குன்றின் அடியில் அது ஒரு பொந்தைக் கண்டுபிடித்து, பகல் முழுவதும் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ரயிலேறி வந்த விருந்தாளிகளுக்கு வெறும் கல்தான் கிடைத்தது. துரை அந்தப் பொந்தைச் சிமெந்து வைத்து அடைக்கச் சொன்னார். அடைத்தவர் என் புருஷன். மறுநாளிலிருந்து சிறுத்தை அகழி ஓரமாகவே நடந்தது. போகும், திரும்பும், போகும். உள்ளங்கால் தேய்ந்து ரத்தம் வந்தும் நிற்கவில்லை.

"எங்கிட்ட விட்டா அந்தக் குன்றையே தூக்கிட்டுப் பொதர்க்காடா விட்ருவேன்" என்பார் அவர். "தெரிஞ்சா தெரியட்டும், தெரியாட்டிப் போவட்டும்."

"கரடிக்கு?"

"அதுக்குக் கொகை என்னாத்துக்கு? தோண்டுறதுக்கு மண்ணு குடுத்தாப் போதும். நெகத்துக்கு வேல வேணும் புள்ள."

குரங்குகளுக்கு மழை படாத உயரம் வேண்டும் என்பேன் நான். மயிலுக்கு மண்குளியல். மரைகளைத் தனித்தனியாகப் பிரிக்கக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே வருவோம். எங்கள் வீட்டுக்கு வந்ததும் பேச்சு நின்றுபோகும். அவர் சுவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். நான் பலகையைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று அவருக்கும் தெரியும். யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள்? கோழியைக் கேட்டா மசாலா அரைப்பார்கள்?

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். இந்தியாவில் வெகுகாலம் இருந்தவளாம். அகழி ஓரத்தில் நின்று குடையால் எங்கள் வீட்டைச் சுட்டி ஏதோ சொன்னாள். துரையின் முகம் சுண்டிப்போனது. எந்தக் குடியானவன் வீட்டில் பலகைத் தளம் இருக்கிறது, தகரம் இருக்கிறது, இது பொம்மை வீடு என்று சொன்னாள் எனக் கணக்கப்பிள்ளை பிறகு சொன்னார். மறுநாள் காலையில் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் துரையின் முன்னால் விழுந்தேன்.

"தொரைங்களே, புள்ளைக்கு நெஞ்சுச் சளிங்க. மழ வரப் போவுது. தகரத்தை எடுத்துக்கிடுங்க, பலகய மட்டும் விட்டுருங்க."

துரை தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். "பலகை பொய். ஊர்லே பலகை இல்லே. எல்லாம் நிசமா இருக்கணும்" என்றார்.

"மழயும் நிசந்தானுங்களே தொரை."

அவர் சிரித்தார். கொடியவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அன்று மாலையே பிள்ளைக்கென்று ஒரு நல்ல கம்பளி கொடுத்தனுப்பினார். கம்பளி கொடுக்கத் தெரிந்தவருக்குப் பலகையை விடத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மண் தரை போட்டுச் சாணி மெழுகினார்கள். வெறும் புல் கூரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. லயத்துக்கே திரும்பிவிடுவோம் என்றார் என் புருஷன். ஆனால் எங்கள் காம்பராவில் இந்தியக் கரையிலிருந்து புதிதாக வந்த ஆட்களைக் கங்காணி குடிவைத்துவிட்டார். காலியாக இருந்தாலும் அது என் மகனைக் கொன்ற காம்பராதானே.

ஐப்பசியில் மழை பிடித்தது. அகழி நிரம்பியது. அது நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும் என்று படம் போட்டபோது யாரும் யோசிக்கவில்லை. எங்கள் தரைக்குள்தான் வந்தது. மெழுகிய சாணி ஊறிக் காலில் ஒட்டியது. நாங்கள் இருவரும் மாறி மாறி நின்றுகொண்டு பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தோம். கம்பளி நனைந்து பிள்ளையைவிடக் கனத்தது. பிறகு ஒரு நாள் அந்தச் சத்தம் வந்தது.

ஓமம் கசக்கி வைத்தேன். கற்பூரவள்ளிச் சாறு கொடுத்தேன். தோட்டத்து மருந்துக்காரர் ஒரு சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். குதிரை லாயத்தில் ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறோம், பிள்ளைக்குக் காய்ந்த இடம் வேண்டும் என்று என் புருஷன் கணக்கப்பிள்ளையின் காலைப் பிடித்தார். துரை கொழும்புக்குப் போயிருந்தார். "தொர வராம நான் எப்பிடி விடுறது? எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல" என்று கணக்கப்பிள்ளை கையை உதறிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் இழுப்புச் சத்தம் நின்றது. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

என் புருஷன் சேதி சொல்ல லயத்துக்கு ஓடினார். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். என்னைப் பெத்த தாயே, ஒன்னயக் காய வைக்க எனக்கு ஒரு சாண் எடம் கெடைக்கலையே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை நிமிர்ந்தபோது மழை விட்டிருந்தது. அகழிக்கு அந்தப் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள். கணக்கப்பிள்ளை விஷயத்தைச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். நிஜமாகவே அழுதாள். அவர்களில் ஒருவர் முக்காலியில் நின்ற படப்பெட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து கணக்கப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னார். கணக்கப்பிள்ளை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கமாத் திரும்பி அழச் சொல்றாங்க."

என் அழுகை நின்றுவிட்டது. நானாக நிறுத்தவில்லை. அவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அந்த அம்மாள் இன்னொரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் கரடியைப் பார்க்கப் போனார்கள்.

மாலையில் அவளை அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்தோம். அழாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று லயத்துப் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து உலுக்கினார்கள், கன்னத்தில் அடித்தும் பார்த்தார்கள். அந்த மாதமே நாங்கள் தோட்டத்தை விட்டுப் பதுளைக்கு இறங்கினோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து வீட்டில் ஆயாவாக இருந்து எழுதப் படிக்கக் கற்றேன். என் புருஷன் செத்தபோதுகூட மாரடித்து அழுதேன். அந்தப் பிள்ளைக்காக மட்டும் இன்றுவரை அழ முடியவில்லை. வாயைத் திறந்தால் அகழிக்கு அந்தப் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள்.