குளியலறையில் கேட்ட ‘ஆச்சா?’

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதைக் கேட்டு முடித்ததும் “பாவம், இந்த ஆளுக்குத் தூக்கம் போதவில்லை” என்று நீங்கள் சொல்வீர்கள். தூக்கம் போதவில்லைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்காத நான் இதை வலிய வந்து சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு மேட்டு வாடகை வீட்டில் நானும் என் மகள் ஜெனியும் இருக்கிறோம். மனைவி ஸ்டெல்லா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். நான் முன்னறையில் மெஷின் போட்டு அக்குறணைக் கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவன். தலை நரைத்த பிறகு எங்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை ஜெனி. அவளுக்கு மூன்று வயது ஆகுமுன் நடந்தது இது.

அதுவரை அவள் சுற்றிலும் கம்பி வைத்த மரத் தொட்டிலில்தான் தூங்கினாள். ஒருநாள் கம்பி மேல் ஏறித் தலைகீழாக விழப் பார்த்தாள், அதோடு தொட்டிலைக் கழற்றிவிட்டுத் தரையில் மெத்தை போட்டேன். அதே கிழமையில் இடுப்பில் கட்டிவிடும் பம்பர்ஸையும் நிறுத்தினேன். இரண்டையும் ஒன்றாகச் செய்யக் கூடாது என்று கிளினிக்கில் பிறகுதான் சொன்னார்கள். எனக்கு யார் சொல்லித் தந்தது?

அதற்குப் பிறகு வீட்டில் தூக்கம் என்பதே இல்லை. கம்பி இல்லாததால் அவள் இஷ்டத்துக்கு எழுந்து நடப்பாள், என் முகத்துக்கு நேரே வந்து நின்று “அப்பா” என்பாள், மெத்தை நனைந்திருக்கும். கண்டி மழையில் எது காயும்? விரிப்பை இஸ்திரி போட்டே காயவைத்தேன். அவள் ஒன்றுக்குப் போக வாத்து மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டி வாங்கிக் குளியலறையில் வைத்தேன், அதில் உட்கார வைத்தால் வாத்து கடித்த மாதிரி கத்துவாள்.

இது ஸ்டெல்லாவின் அக்கா லூர்து மதினியின் காதுக்குப் போனது. மதினி பன்விலவில் இருக்கிறார், அவருக்குப் பிள்ளை இல்லை.

“பொம்பளப் புள்ளய ஒரு ஆம்பள எப்படித் தம்பி பழக்குவீங்க? நீங்க திரைக்கு மடிப்பு வைங்க, அது போதும். ஞாயித்துக்கெழம நான் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று போனில் சொன்னார்.

ஸ்டெல்லாவும் தளர்ந்துவிட்டாள். “ஒழுங்கா தூங்கப் பழகுற வரைக்கும் அக்காகிட்ட இருக்கட்டுமேங்க” என்றாள். மாட்டேன் என்று சொல்ல வராது எனக்கு. ஆனால் பன்விலவுக்குப் போன பிள்ளை திரும்பி வராது என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் இது நடந்தது. இந்த மாதிரிக் கதையெல்லாம் ராத்திரியில்தானே நடக்கும் என்பீர்கள். இல்லை, பூசைக்குப் போய் வந்து, சோறு ஊட்டி, ஜெனியைப் பின்னறையில் படுக்கவைத்துவிட்டு நான் மெஷினில் உட்கார்ந்திருந்த நேரம். வெளியே நல்ல மழை. மதினி எந்த நேரமும் வந்துவிடுவார் என்று வாசலையே பார்த்துத் தைத்ததில் நூல் அறுந்தது. மெஷின் நின்றதும் அந்தச் சத்தம் கேட்டது.

“ஸ்ஸ்ஸ்…”

பிள்ளையை ஒன்றுக்குப் போக வைக்க நம் பெண்கள் வாயால் இழுப்பார்களே, அந்தச் சத்தம். குழாய் ஒழுகுகிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு பெண் குரல், தணிந்து, மிகப் பிரியமாக, “ஆச்சா? ஆச்சா கண்ணு?” என்றது.

இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை யாரும் போட்டதில்லை. எனக்கு வெட்கம். யாரும் கேட்கப் போவதில்லை என்றாலும் வெட்கம்.

சமையலறையைத் தாண்டி ஓடினேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. ஜெனி வாத்துச் சட்டியில் உட்கார்ந்திருந்தாள், கோயிலில் இருப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, அரைக் கண் மூடி. அவளுடைய ஜட்டி மடித்து வாளி மூடிமேல் வைக்கப்பட்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சுவரோரம், ஆள் நிற்கும் உயரத்தில், எதையோ பார்த்துச் சிரித்தாள். சட்டியில் காரியமும் முடிந்திருந்தது.

பயந்தேனா? இல்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. ஏற்கெனவே ஒருத்தர் பிள்ளையைக் கேட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், இது யார் இன்னொன்று?

“யாரா இருந்தாலும் வெளிய போங்க!” என்று கத்தினேன். “இது எம் புள்ள! எனக்குத் தெரியுதோ தெரியலையோ, நான்தான் பாத்துக்குவேன்! போங்க!”

அப்படி என் வாழ்நாளில் நான் கத்தியதில்லை. அப்போதும் பாருங்கள், எனக்கு ‘போங்க’ என்றுதான் வந்தது.

உடனே முன்கதவைத் தட்டும் சத்தம். ஜெனியைத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்தேன். லூர்து மதினி, குடையும் பையுமாக, பாதி நனைந்து நின்றார்.

“உள்ள யாரு?”

“யாரும் இல்ல மதினி.”

“நான் செவிடில்ல தம்பி. ஜன்னலுக்குக் கீழ நின்னு கேட்டேன், ஒரு பொம்பள ஆச்சா ஆச்சான்னு கொஞ்சுறா. அப்புறம் நீங்க அவள வெரட்டுறீங்க. நான் வாறது தெரிஞ்சு வெரட்டுனீங்களாக்கும்? எந் தங்கச்சி அங்க அடுத்தவன் வீட்டுக் கோப்பைய கழுவுறா, நீங்க இங்க ஆள் வச்சிருக்கீங்க! வாயில்லாப் பூச்சின்னு நெனச்சோமே!”

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அலுமாரியைத் திறந்தார். கட்டிலுக்கு அடியில் குடையை விட்டுக் குத்தினார். திரைச்சீலைக் குவியலைக் காலால் கிளறினார். பின்பக்கம் கதவே கிடையாது. குளியலறையில் இருப்பது ஒரு காற்றுத் துவாரம், பூனைகூட நுழையாது. அங்கே போய்ச் சுற்றிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார், சிலுவை போட்டுக்கொண்டார்.

“தம்பி, புள்ளையோட உடுப்பக் கட்டுங்க. இந்த வீட்டுல இனி ஒரு நிமிசம் வைக்கக் கூடாது.”

“பொம்பள இருந்தாலும் புள்ளயக் கொண்டு போவீங்க, பேய் இருந்தாலும் கொண்டு போவீங்க, யாருமே இல்லாட்டியும் கொண்டு போவீங்க” என்றேன். “நான் குடுக்க மாட்டேன் மதினி.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நானே ஸ்டெல்லாவுக்குப் போன் எடுத்தேன். மதினி அதைப் பறித்து எல்லாவற்றையும் சொன்னார், பொம்பளை, பேய், நான் கத்தியது, ஒன்றையும் விடவில்லை. ஸ்பீக்கரில் ஸ்டெல்லாவின் குரல் எனக்கும் கேட்டது.

“அவரு கத்துனாராக்கா?”

“ஊருக்கே கேட்டுச்சு.”

“கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல எங்கிட்டகூட அவரு சத்தம் போட்டதில்ல. அவரே கத்துனாருன்னா, புள்ள அங்கயே இருக்கட்டும்கா. நீ வீட்டுக்குப் போ.”

மதினி தேத்தண்ணிகூடக் குடிக்காமல் மழையிலேயே இறங்கிப் போனார்.

அன்று ராத்திரி ஜெனி விடியும்வரை தூங்கினாள். மெத்தை நனையவில்லை. பிறகும் எழுந்து நடக்கவில்லை. வாத்துச் சட்டியில் தானாகப் போய் உட்கார்ந்தாள். வீட்டை மாற்று, மந்திரித்துக் கயிறு கட்டு என்று அக்கம் பக்கத்தில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நான் மாறவில்லை, ஒன்றும் கட்டவுமில்லை. இதே வீட்டில்தான் இருக்கிறோம்.

இப்போது ஜெனி நன்றாகப் பேசுவாள். போன மாதம் அவளுக்குத் தலை சீவிக்கொண்டே சும்மா கேட்டேன், சின்னதில் உன்னை ஒன்றுக்குக் கூட்டிப் போனது யார் என்று.

“என்னைய யாரும் கூட்டிப் போகலப்பா. அந்தக்காவுக்குத்தான் தனியா போகப் பயம். நான்தான் கூடப் போவேன். அப்ப எனக்கும் ஆச்சான்னு கேப்பாங்க.”

சீப்பு என் கையிலேயே நின்றது. “இப்ப அந்தக்கா எங்க?”

“நீங்க கத்துனீங்கல்ல, அழுதாங்க. அப்புறம் பெரியம்மா கையப் புடிச்சிக்கிட்டுப் போய்ட்டாங்க.”

கத்தியதற்கு நான் வருத்தப்படவில்லை. திரும்ப வந்தாலும் கத்துவேன். ஆனால் அன்றைக்குப் பிறகு லூர்து மதினி பிள்ளையை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஜெனியைப் பார்க்க வந்ததுமில்லை. கோபமாக்கும் என்று இருந்துவிட்டேன். போனில் ஸ்டெல்லாதான் அடிக்கடி சொல்லுவாள், அக்கா இப்போதெல்லாம் முன்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறாள், வீட்டை விட்டு எங்கேயும் வெளிக்கிடுவதே இல்லை என்று.

பன்வில ஒன்றும் தூரமில்லை. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.