ஜவளகிரிக் கிணறும் என் நெஞ்சு வால்வும்

1. டாக்டர் முன்னால் சிரித்தது

என் நெஞ்சுக்குள் ஒரு வால்வு லீக் ஆகிறது என்று டாக்டர் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், அவருக்கு என்ன தெரியும்? ஓசூர்ப் பக்கம் கிணறு கிணறாக இறங்கி, லீக் ஆகிற வால்வைக் கழற்றி மாட்டுவதுதான் என் பிழைப்பு.

அறுபதுகளின் கடைசி அது. இன்றைக்குத் தொழிற்சாலைகள் நிற்கிற இடமெல்லாம் அப்போது கேழ்வரகுக் கொல்லை. ஊர் ஊராகக் கரண்ட் கம்பி வந்துகொண்டிருந்தது, மாடு கட்டி இறைக்கிற கவலை ஏற்றத்தை விட்டுவிட்டு எல்லோரும் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஓசூரில் ஒரு பம்ப்செட் கடையில் மெக்கானிக். கிராமத்தில் என்னை மேஸ்திரி என்பார்கள். மத்திகிரியில் வாடகை வீடு. நானும் என் மனைவி ஸ்டெல்லாவும்தான்.

ஃபுட் வால்வு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றுக்குள் தொங்குகிற சக்‌ஷன் பைப்பின் அடிநுனியில் இருக்கும். தண்ணீரை மேலே விடும், திரும்பக் கீழே விடாது. அதற்குள் இருக்கிற தோல் வாசர் தேய்ந்துபோனால், ஏறின தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே போய்விடும். பம்ப் வெறுமனே சுற்றிச் சூடேறும். அப்படியே விட்டால் ஒருநாள் மோட்டாரும் போகும்.

"சிரிக்கிற விஷயமாய்யா இது?" என்றார் டாக்டர். ஓசூர் டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்து, ரயிலேறிப் போய்ப் பார்த்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவர்.

"ஊருக்கெல்லாம் நான் மாத்திக் குடுக்கறேன் சார். எனக்கே வந்துடுச்சேன்னு சிரிப்பு வந்துடுச்சு."

சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது, பள்ளிக்கூடத்துக்கே ரொம்ப நாள் போகவில்லை. அந்தக் காய்ச்சல்தான் வால்வைத் தின்றிருக்கிறது. இனி அது திரும்ப வராமலிருக்க மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

"எதுக்கு சார் இழுத்தடிக்கணும்? மாத்திடுங்க. நாளைக்கே வேணும்னாலும் படுத்துக்கறேன்."

"பம்பை நிறுத்திட்டுத்தானே நீங்க வால்வை மாத்துவீங்க? இங்க இதயத்தை நிறுத்தணும். அதுக்கான மெஷின் நம்ம பக்கம் வந்ததே இப்பத்தான். மேசையிலேயே போனவங்களும் இருக்காங்க. நீங்க திடமா நடமாடும்போது அந்த ஆபத்துல உங்களைத் தள்ள மாட்டேன்."

"அப்ப எப்பத்தான் சார்?"

"இதயம் வீங்கித் தளர்றதுக்கு முன்னாடி. தளர்ந்துட்டா, புது வால்வு போட்டும் பிரயோஜனம் இல்லை, தள்ளுறதுக்குத் தெம்பு இருக்காது. அந்த நேரத்தைப் பிடிக்கணும். எக்ஸ்ரே பாதி சொல்லும். மீதியை நீங்கதான் சொல்லணும். மூச்சு வாங்க ஆரம்பிச்சா உடனே வாங்க. இல்லாட்டியும் ஆறு மாசத்துக்கு ஒருதரம் வாங்க."

2. ஸ்டூல்

முதலாளி தெலுங்குக்காரர். நல்ல மனுஷன், ஆனால் பயந்தாங்கொள்ளி.

"ஏமய்யா சேவியரு, நெஞ்சுல ஓட்டையாமே?"

"ஓட்டை இல்ல முதலாளி. லீக்."

"ரெண்டும் ஒண்ணுதான் போ. நாளையிலேர்ந்து இங்கயே ஸ்டூலைப் போட்டு உக்காரு. வர்றவங்களுக்கு நட்டு போல்ட்டு எடுத்துக் குடு. கெணத்துல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா போலீசு என்னைத்தான் கேக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "டாக்டர் வேலை செய்யாதேன்னு சொல்லல. நீங்க எப்படிச் சொல்லலாம்? நட்டு எடுத்துக் குடுக்கவா நான் தொழில் கத்துக்கிட்டேன்?" என்று சத்தம் போட்டுவிட்டு, ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் அவரே பழையபடி வேலைக்கு அனுப்பினார்.

வீட்டிலும் இதே கதைதான். சொந்தக்காரர்கள் வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சவத்தைப் பார்க்கிற பார்வை. ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமே ஆரம்பித்துவிட்டார். ஸ்டெல்லா வந்து, "மாமா, அவரு இன்னும் சாப்பிடலை, ஜெபத்தைச் சுருக்குங்க" என்றாள். எனக்கு வாய்த்தவள் அப்படி.

3. கெம்பம்மாவின் சாணிச் சட்டி

தளி தாண்டி, காட்டோரத்தில் ஜவளகிரி. அங்கே கெம்பம்மா என்று ஒரு அம்மாளின் கிணறு. புருஷன் வாய் திறக்க மாட்டார், காடு கழனி எல்லாம் அவள் பொறுப்பு. கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கைவைத்தியம் உண்டு. ஃபுட் வால்வு லீக் ஆனால், சாணியைத் தண்ணீரில் கரைத்து மேலேயிருந்து பம்புக்குள் ஊற்றிவிடுவார்கள். சாணி போய் வாசர் இடுக்கில் படிந்து கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நிற்கும், மோட்டார் எடுக்கும். மறுநாள் மறுபடி ஊற்ற வேண்டும். நாளாக ஆகக் கூடுதலாக ஊற்ற வேண்டும். கெம்பம்மா மோட்டார் பக்கத்தில் இதற்கென்றே ஒரு மண்சட்டி வைத்திருந்தாள்.

"ஏம்மா, இந்தச் சட்டியை ஒடச்சுத் தொலைச்சா என்ன? ஒரே நாள் வேலை. வால்வை மாத்திடறேன்."

"பேடா மேஸ்திரி, வேண்டாம். ஓடறவரைக்கும் ஓடட்டும். ராகி அறுப்பு முடியட்டும்."

ராகி முடிந்தால் கொள்ளு என்பாள். போகும்போதெல்லாம் எங்களுக்குள் இதே சண்டை. நானும் பம்பில் தண்ணீர் கசிகிற கிளாண்டை முறுக்கி, கிரீஸ் வைத்துவிட்டு வருவேன்.

அந்தக் காலத்தில்தான் என் வேலையில் சில புது முறைகளைக் கொண்டுவந்தேன். முன்பெல்லாம் ஃபுட் வால்வோடு நானே கிணற்றின் அடி வரை இறங்குவேன். பிறகு, பைப்பைக் கயிறு கட்டி மேலே இழுத்தே கழற்றினால் என்ன என்று தோன்றியது. கிணற்றுக்காரர்கள் இழுப்பார்கள், நான் மேலே நின்று சொல்லுவேன். தளிக்கு சைக்கிளில் போவதை விட்டு பஸ் ஏறினேன். எப்போதாவது இறங்கினாலும், ஏறி வரும்போது பாதிக் கிணற்றில் இருக்கிற மோட்டார் மேடையில் உட்கார்ந்து வயரிங்கை ஒரு பார்வை பார்ப்பேன். வேலை சுத்தமாக நடந்தது. எனக்கே என் மேல் பெருமை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "மூச்சு வாங்குதா?" என்று டாக்டர் கேட்டார். "சுத்தமா இல்ல சார்" என்றேன். அடுத்த தடவையும் அதையே சொன்னேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வாங்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்து அவர் நெற்றியைச் சுருக்கினார். "கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்று திரும்பக் கேட்டார். தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் ஜவளகிரி. வழக்கம்போல சட்டியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ திருந்தவே மாட்ட. மோட்டார் கருகிப் போனப்பறம்தான் உனக்குப் புத்தி வரும்" என்று கத்தினேன்.

கெம்பம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஏனப்பா, என்னைச் சொல்ற? மொதல்ல வந்தப்ப கொரங்கு மாதிரி எறங்கி ஏறுவ. இப்பப் பாரு, என் வீட்டுக்காரரைக் கெணத்துல எறக்கிட்டு மேல நின்னு அதிகாரம் பண்ற. எப்பவாவது எறங்கினாலும், ஏறி வரும்போது மேடையில உக்காந்து வயரைத் தடவற. நல்லா இருக்கற வயர்ல என்னப்பா இருக்குது?"

கயிறு, பஸ், வயரிங். மூச்சு வாங்காமலிருக்க என் சட்டியில் நான் கரைத்த சாணி இவ்வளவும்.

கோபத்தில் விறுவிறுவென்று கிணற்றில் இறங்கினேன். கடைசிப் படி வரைக்கும் போய்த் தண்ணீரைத் தொட்டுவிட்டு, எங்கேயும் உட்காருவதில்லை என்று திரும்பி ஏறினேன். மேடைக்கு வருவதற்குள் நெஞ்சு கூட்டுக்குள்ளிருந்து குதித்துவிடும்போல அடித்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே கெம்பம்மாவின் முகம் தெரிந்தது. அவள் திட்டவில்லை. "மேஸ்திரி, மெல்ல வா சாமி" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை வந்ததே இல்லை.

4. நடமாடும்போதே

அந்த வாரமே ரயிலேறினேன். "மூச்சு வாங்குதா?" என்று டாக்டர் கேட்டார். "சார், அதைக் கேக்காதீங்க. என்னென்ன வேலையை விட்டேன்னு கேளுங்க" என்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புதிதாக எக்ஸ்ரே எடுத்துப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுதான் நேரம். இன்னும் தள்ளிப்போட்டா நானே வேண்டாம்னு சொல்லிடுவேன்."

ஊருக்கு வந்து சொன்னேனோ இல்லையோ, எல்லோரும் எகிறினார்கள். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "நல்லா நடமாடற மனுஷன் போயி நெஞ்சைக் கிழிச்சுக்குவானா? முடியாமப் படுத்தப்பறம் பாத்துக்கலாம்பா!"

"படுத்தப்பறம் போனா கிழிக்க மட்டும்தான் முதலாளி முடியும், தைக்க முடியாது. நடமாடும்போதேதான் போவேன்."

ஸ்டெல்லா அழுதாள். அழுதுகொண்டே பெட்டியில் துணியை அடுக்கினாள். "செத்துக்கித்து வெச்சே, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றாள். நானும் அன்றைக்கு அழுதேன். சாக எனக்கு இஷ்டமே இல்லை. யாராவது தைரியசாலி என்று என்னைச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இருந்தது தைரியம் இல்லை, வீம்பு.

ஆபரேஷனுக்கு முன்னால் மாட்டப்போகிற வால்வைக் காட்டச் சொன்னேன். ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் ஒரு பந்து. பந்து எழும்பினால் ரத்தம் போகும், உட்கார்ந்தால் அடைத்துக்கொள்ளும். "ஃபுட் வால்வுலயும் இந்த மாடல் உண்டு சார், நல்ல மாடல்தான்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். டாக்டர் இந்தத் தடவை சிரித்தார்.

5. டக், டக்

மாதக்கணக்கில் வீட்டில் இருந்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கனமான பைப்பைத் தூக்காதே, வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள், மற்றபடி இறங்கு, ஏறு என்று டாக்டர் சொன்னார். கடைக்குப் போனால் முதலாளி புது ஸ்டூலே வாங்கிப் போட்டிருந்தார், மெத்தை வைத்தது. அதன்மேல் என் சோற்று டப்பாவை வைத்துவிட்டு ஜவளகிரி பஸ்ஸைப் பிடித்தேன்.

கெம்பம்மா கிணற்றை மறித்துக்கொண்டு நின்றாள். "பேடப்பா! ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"நான் ஆஸ்பத்திரியில நெஞ்சைத் தொறந்து காட்டிட்டு வந்திருக்கேன். நீ வால்வை மாத்த மாட்டேங்கற. வழியை விடும்மா."

இறங்கினேன். பழைய ஃபுட் வால்வைக் கழற்றினேன். வாசர் இருந்த இடத்தில் வாசரே இல்லை, சாணிப்பொருக்குத்தான் இருந்தது. புதியதை நானே மாட்டினேன். பிறகு ஏறினேன், மெதுவாகத்தான். மோட்டார் மேடை வந்தது. வயரிங்கைப் பார்க்கவில்லை. நேராக மேலே வந்தேன்.

கெம்பம்மா என்னையே உற்றுப் பார்த்தாள். கிணற்றடியில் வேறு சத்தம் இல்லை. "மேஸ்திரி, உன் சட்டைக்குள்ள என்ன, கெடியாரமா? டக்கு டக்குங்குது?"

"புது வால்வும்மா. லீக் இல்லாம மூடற சத்தம்."

கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஸ்விட்சைப் போட்டாள். மோட்டார் போட்டதும் தண்ணீர் பைப் நிறைய வந்து விழுந்தது. அவள் சாணிச் சட்டியை எடுத்துப் போய்ப் பூசணிக் கொடிக்கு ஊற்றினாள். சட்டியைத் திரும்பக் கிணற்றுப் பக்கம் கொண்டுவரவில்லை.

இப்போது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு லீக் இருந்து, டாக்டர் பொறு என்றால் பொறுங்கள், வா என்றால் போங்கள். ஆனால் சௌக்கியமா என்று யாராவது கேட்டால், சட்டென்று சௌக்கியம் என்று சொல்லிவிடாதீர்கள். போன வருஷம் செய்த எந்த வேலையை இந்த வருஷம் செய்யவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க ஒரு கெம்பம்மா இருந்தாள். நான் போய்விடுவேன் என்று அன்றைக்கு ஜெபம் செய்த மாமாவுக்கு நான்தான் போய் மண் தள்ளிவிட்டு வந்தேன். இதை எழுதுகிறபோதும் சட்டைக்குள் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.