ஏகாம்பரத்தோட வலது கை

ஏகாம்பரம் போய்ட்டான்.

உத்திரமேரூர் ரைஸ் மில்லுல என்கூட மூட்டை தூக்கினவன். காலைல வாட்ஸ்அப்ல மாலை போட்ட போட்டோ... பழைய மில் ஆளு ஒருத்தர் அனுப்பியிருந்தார். ஹார்ட் அட்டாக்காம். என் வயசுதான் அவனுக்கும்.

எழுதத் தெம்பு இல்ல. ஆனா எழுதாம படுக்கவும் முடியல.

எண்பதுகளோட ஆரம்பம். ரெண்டு பேருக்கும் இருபத்திரெண்டு வயசு. அவன் அதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல ஒரு ஓட்டல்ல வேல பாத்தவன். அங்க பக்கத்துல இருந்த கிளப்புல ஜூடோ கத்துக்கினான். அப்பா தவறினதும் ஊருக்கே வந்துட்டான். வரும்போது ஒரே ஒரு ஜூடோ சட்டை கொண்டாந்தான். வெள்ளையா, சாக்கு மாதிரி தடிப்பா.

மில்லுக்குப் பின்னாடி உமி கொட்டற எடம். சாயங்காலம் வேல முடிஞ்சதும் உமிய பரப்பி, மேல கிழிஞ்ச தார்ப்பாய் விரிப்போம். அதான் எங்க கிரவுண்டு.

ஒரு சட்டை, ரெண்டு ஆளு. ஒரு நாள் அவன் போட்டுக்குவான், ஒரு நாள் நான்.

சட்டை போட்டவன் பாடுதான் பேஜாரு. காலர்ல, கையில, எங்க வேணா புடி கெடைக்கும். வெறும் ஒடம்பா இருந்தா வேர்வையில வழுக்கிக்கினு வெளிய வந்துடலாம்.

"சட்டை போட்டாதான் தோக்கறோமே... அப்புறம் இன்னாத்துக்குடா இது?"ன்னு கேட்டேன்.

"போட்டின்னு போனா சட்டை இல்லாம உள்ளயே உட மாட்டான். புடிபட்டுப் பழகு. அப்பதான் தப்பிக்கத் தெரியும்."

இன்னொண்ணும் சொன்னான். கைய பூட்டிட்டா, மாட்டினவன் ரெண்டு தட்டு தட்டுவான். தட்டினா உட்டுடணும். அதுல மட்டும் வெளையாட்டு கூடாது.

தெனமும் அவன்தான் ஜெயிப்பான். நெல்லு காய வைக்கிற பொம்பளைங்க, லோடுமேனுங்க எல்லாம் நின்னு வேடிக்க பாப்பாங்க. "இன்னாப்பா, இன்னிக்கும் மூட்ட கவுந்துடுச்சா?"ன்னு என்னப் பாத்து சிரிப்பாங்க. நானும் சிரிச்சுக்குவேன்...

போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெண்டு பேருமே எழுதிப் போட்டோம். ரெண்டு பேருக்கும் கார்டு வந்துது. செங்கல்பட்டுல. ஓடணும், தாண்டணும், கயிறு ஏறணும். அவன் கயிறு ஏறினா கீழ நிக்கறவன் வாயப் பொளந்துக்கினு பாப்பான். நான் பாதியிலயே வழுக்கி எறங்கிடுவேன்.

அதுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்துது. அன்னிக்கு வேடிக்க பாக்க ஆளே இல்ல. சட்டை அவன் மேல. சட்டை போட்டுக்கினே மூணு தரம் என்னத் தூக்கிப் போட்டான். மூணு தரமும் சிரிப்பு.

நாலாவது தரம் வுழும்போது அவன் கைய உடாம புடிச்சுக்கினேன். வலது கை. என் ரெண்டு காலுக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. அப்பிடியே பின்னால சாஞ்சு இழுத்தேன்.

தட்டினான். ரெண்டு தரம்.

எனக்குத் தெரிஞ்சுது. நான் உடல.

ஒரு செகண்டுதான் இருக்கும். முழங்கைக்குள்ள ஒரு சத்தம் கேட்டுது. அவன் கத்தக்கூட இல்ல. "உடுறா..."ன்னு மெதுவா சொன்னான்.

சிரிச்ச கோவமா, செலக்‌ஷனா... பின்னாடி போலீஸ்ல எத்தினியோ பேர விசாரிச்சு எழுதியிருக்கேன். என்ன நானே இன்னும் விசாரிச்சுக்கினுதான் இருக்கேன்.

கட்டு போடறவர் மானாம்பதியில இருந்தார். சைக்கிள் கேரியர்ல உக்கார வெச்சு மெதிச்சேன். இடது கையால என் பனியனப் புடிச்சுக்கினு வந்தான். பாதி வழியில வாயத் தொறந்தான்.

"மூட்ட சரிஞ்சு வுழுந்துடுச்சுன்னு சொல்லிடு. நெஜத்த சொன்னா ஓனரு நம்மள இங்க ஜூடோ ஆட உட மாட்டாரு."

அதுக்கப்புறம் நாங்க ஆடவே இல்ல.

செங்கல்பட்டுக்கு நான் மட்டும் போனேன். கயிறு எப்பிடியோ ஏறிட்டேன். வேல கெடச்சுது. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ், எஸ்.ஐ.யா ரிட்டயர்டு.

அவன் கை கடைசி வரைக்கும் முழுசா நீளல. மூட்டை தூக்க முடியாம மெஷினுக்கு எண்ண போடற வேலைக்கு மாறினான். என் கல்யாணத்துக்கு வந்தான். கொழந்தைங்க பொறந்தப்ப வந்தான். அந்தப் பேச்சு மட்டும் வரல... ரெண்டு பேரும் எடுக்கல.

ரிட்டயர்டு ஆன வருஷம் அவன் வூட்டுக்குப் போனேன். சொல்லிடணும்னுதான் போனேன்.

"ஏகாம்பரம், அன்னிக்கு நீ தட்டினது எனக்குத் தெரிஞ்சுதுடா."

"உன் தொட மேலதான தட்னேன். அது எப்பிடித் தெரியாம பூடும்?"ன்னான்.

"அப்புறம் ஏன் இத்தினி வருஷம் ஒரு வார்த்த கேக்கல?"

நீளாத அந்தக் கைய எடுத்து மடியில வெச்சுக்கினான். அப்புறம் சொன்னான். "கேட்டா நீ பொய் சொல்லியிருப்ப. அத்தோட நம்ம பேச்சு வார்த்த நின்னு பூட்டிருக்கும். கையும் போய், நீயும் போய்... இன்னா கீது அதுல?"

மன்னிச்சுட்டேன்னு அவன் சொல்லல. நானும் கேக்கல.

இன்னிக்கு மதியம் அவன் பொண்ணு போன் பண்ணுச்சு. "மாமா, மூட்ட வுழுந்தப்ப அப்பாவ சைக்கிள்ல வெச்சு கொண்டு போனது நீங்கதான? நீங்க இல்லனா கையே போயிருக்கும்னு அப்பா சொல்லிக்கினே இருக்கும் மாமா. நீங்க வராம எடுக்க மாட்டோம்."

"வர்றேம்மா"ன்னு மட்டும் சொன்னேன். அழுதுக்கினு இருந்த பொண்ணுகிட்ட போன்ல வேற எதுவும் சொல்ல வாய் வரல.

அதான் இங்க எழுதிட்டேன். அந்தப் பொண்ணு என் ஃபிரண்டு லிஸ்ட்ல இருக்கு. படிக்கட்டும். படிச்சுட்டு வராதீங்கன்னு சொன்னா, தெரு முனையில நின்னு பாத்துட்டுத் திரும்பிடறேன்.

நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறாங்களாம். வாலாஜாபாத்ல எறங்கி பஸ் மாறணும். சீக்கிரமே கெளம்பணும்.

வலி இல்லாம படுடா ஏகாம்பரம்.