ஆயுத பூசை அன்று கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் பெருக்கினேன்!

இன்று கடையில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்!

சங்கரன்கோவிலில் கல்யாண வீடியோ என்றால் என் கடைதான். (இன்னும் சில கடைகள் உண்டு. அவற்றை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.)

ஆயுத பூசைக்கு எல்லாரும் கடையைத்தான் கழுவுவார்கள். நான் கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் பெருக்குகிறவன்!

டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை வரிசையாக அடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. டிஃப்ராக் என்பார்கள். காலையிலேயே அதைத் தட்டிவிட்டேன்.

கூடவே என் கம்ப்யூட்டரில் ஒரு பேக்கப் சாஃப்ட்வேர் எந்நேரமும் ஓடும். எது மாறினாலும் உடனே மேசைக்கு அடியில் இருக்கும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடும். பழைய நகலும் அதிலேயே இருக்கும். (அமெரிக்காவுக்கே இப்போதுதான் வந்திருக்கிறதாம்.)

சாம்பிராணி போட்டபடியே, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சாமுவேல் தம்பிக்குப் பெருமையாகப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, பேக்கப்ப நிறுத்திட்டுத்தான டிஃப்ராக் போட்டிய?"

"எதுக்குடே நிறுத்தணும்? டிரைவர் பஸ் ஓட்டும்போது கண்டக்டர் டிக்கெட் கிழிக்கலியா?"

"ஐயோ! டிஃப்ராக் ஒரு துண்ட இடம் மாத்துனா, பேக்கப்பு அதப் புதுசுன்னு நெனச்சு அள்ளும். வெளி டிஸ்க்கு நெறஞ்சிரும். இடம் பத்தலன்னா பழைய நகலெல்லாம் அழிச்சிரும் அண்ணாச்சி!"

"பழசு போனாத்தானடே புதுசு வரும்?" என்று ஒரு தத்துவம் சொல்லிப் போனை வைத்தேன்.

திரை மூலையில் சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. பூசை வாழ்த்து என்று நினைத்து மூடிவிட்டேன்.

மதியம் கடையநல்லூரிலிருந்து காதர் பாய் வந்து நின்றார். அவர் மகள் நிக்காஹ் வீடியோ நம் கைவண்ணம். சாயங்காலம் அவர் துபாய்க்குக் கிளம்ப வேண்டும்.

"வீடியோ ஜோரு அண்ணாச்சி. ஆனா எம் மவ மாப்ள வீட்டுக்குப் போகும்போது என்னயக் கட்டிப் பிடிச்சு அழுதாளே, அது எங்க? அங்கன ரூம்ல தனியாக் கெடந்து பாக்கதுக்கு எனக்கு அதுதான வேணும்!"

அந்த இடத்தில் கேமரா ஆடிவிட்டது. (கேமராமேனும் அழுதுவிட்டான். நான்தான்.) ஆட்டம் நம் தரத்துக்கு ஆகாது என்று வெட்டி, அதே ஃபைலில் சேவ் செய்திருந்தேன். மெமரி கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது.

இனி அந்த அழுகை எங்காவது இருந்தால், வெளி டிஸ்க்கின் பழைய நகலில்தான் இருக்க வேண்டும்.

பழைய நகல்!

சாமுவேல் சொன்னது அப்போதுதான் உச்சியில் ஏறியது.

"டீ குடிங்க பாய், இந்தா எடுத்துருதேன்" என்று சமாளித்தபடி மேசைக்கு அடியில் கையை விட்டேன்.

டிஸ்க்கையே காணோம்! வயர் மட்டும் தொங்கியது. (காலையில் சிவப்பாக எட்டிப் பார்த்தது இதைச் சொல்லத்தான் போலிருக்கிறது.)

"ஏட்டி கோமதி! இங்கன கெடந்த டிஸ்க்கு எங்க?"

"கத்தாதிய! சாமிகிட்ட இருக்கு. கேமரா, கத்திரிக்கோல் எல்லாம் பூசையில இருக்கும்போது, அது மட்டும் மேசைக்கு அடியில அனாதையாக் கெடக்கணுமா?" என்றாள் என் மனைவி.

"எப்பட்டி கழட்டுன?"

"நீங்க கம்ப்யூட்டரப் போட முன்னாலேயே!"

வாழை இலையில் டிஸ்க். சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ!

பாய்ந்து எடுக்கப் போனேன். கோமதி மறித்தாள்.

"நாளைக்கு மறுபூசை போடாம ஒருத்தரும் தொடக் கூடாது. ஆயுதத்துக்கு இன்னைக்கு லீவு."

காதர் பாய் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "தங்கச்சி, எம் மவ அழுகை அதுக்குள்ளதான்மா இருக்கு. இனி எப்ப வருவேனோ தெரியாது."

கோமதி அவர் முகத்தைப் பார்த்தாள். சூடத்தைக் கொளுத்தி, மறுபூசையை அங்கேயே முடித்துவிட்டாள்!

"சாமிக்கும் பொம்பளப் பிள்ள அருமை தெரியும். எடுத்துக்கோங்க."

சொருகுவதற்கு முன் எதற்கும் சாமுவேலுக்கு ஒரு போன் செய்தேன். (பயமில்லை, மரியாதை.)

"அந்தக் கம்ப்யூட்டர்ல சொருகிராதிய! பட்டினி கெடந்த மாடு கழனித் தொட்டியப் பாத்த மாதிரி, மாறுனதெல்லாம் மொத்தமா உள்ள வந்துரும். நான் லேப்டாப் கொண்டு வாரேன்!"

வந்தான். லேப்டாப்பில் சொருகினான். தேடினான்.

அழுகை பத்திரமாக இருந்தது!

பாய் நின்றபடியே பார்த்தார். கேமராவைவிட அவர் தோள்தான் அதிகம் ஆடியது.

"பொட்டு வச்ச டிஸ்க்குல எம் மவ நிக்காஹ்! நல்லா இருங்க தங்கச்சி" என்று, சாமுவேல் நகலெடுத்துக் கொடுத்த பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். (எனக்கும் ஒரு சலாம் சொன்னார். அவசரத்தில் சின்னதாக.)

சாமுவேல் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"டிஸ்க்கக் கழட்டிட்டுத்தான் டிஃப்ராக் போட்டிருக்கிய. பின்ன ஏன் அண்ணாச்சி காலைல நிறுத்தலன்னு சொன்னிய?"

"ஒனக்குப் பரீட்ச வச்சேன்டே!"

பின்னால் பூசை மணி 'ணங்' என்று விழுந்தது. (அவளுக்குக் கை தவறியிருக்கும்.)

ஆகவே மக்களே, டிஃப்ராக் போடுவதற்கு முன் பேக்கப்பை நிறுத்திவிடுங்கள். எப்படி நிறுத்துவது என்று தெரியாதவர்கள் தயங்காமல் என் கடைக்கு வாருங்கள்.

குங்குமம் நிறைய மீதி இருக்கிறது!